பிடியை ஒட்டிய அரை அங்குலம்

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் புது ஊரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முகவரியை நம் தோல்பைப் பட்டறைக் குமாஸ்தாவிடம் கெஞ்சி வாங்கினேன். நீ எனக்குத் தந்துவிட்டுப் போகவில்லை. நானும் அன்று கேட்கிற இடத்தில் இல்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். தொழில் விஷயமாகத்தான் எழுதுகிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

நீ போன மறுநாள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் கத்தி ஒரு துண்டுத் தோலில் சுற்றி வைத்தபடி இருந்தது. கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன், வழுக்காமல் நின்றது. பதினோரு வருடமாக நான் காலையில் தேநீர் வாங்கப் போவேன், திரும்பி வருவதற்குள் நீ இரண்டு பேர் கத்தியையும் தீட்டி வைத்திருப்பாய். எப்படித் தீட்டுகிறாய் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருப்பேனா? வந்து கற்றுக்கொள் என்று நீதான் இரண்டு முறை கூப்பிட்டாய். நீ இருக்கும்போது எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ கடைசியாகத் தீட்டிய கூர்மையைச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ விட்டுப்போன தோல் வாரில் தினமும் இருபது இழுப்பு இழுத்து, ஏழு வாரம் ஓட்டினேன். எட்டாவது வாரம் கத்தி தோலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. வேறு வழி தெரியாமல் பட்டறைக் கல்லில் வைத்து, சமையல் கத்தியைத் தேய்ப்பது போல முன்னும் பின்னும் தேய்த்தேன். ஒரு மணி நேரம் நன்றாக வெட்டியது. பிறகு தடித்த தோலில் மாட்டிக்கொண்டது. பிடுங்கினால் கத்தியின் வாயில், வெட்டுகிற ஓரத்தில், இரண்டு இடத்தில் பல் போயிருந்தது. பெரிய பைக்கு எடுத்து வைத்த நல்ல தோல் இரண்டு என் கையால் பாழ்.

மேற்பார்வையாளர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவாரே, அந்தப் பழக்கம் மாறவில்லை. திட்டவில்லை. "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்மா. அதுக்கு மேலயும் இப்படின்னா பசை அறைக்குத்தான் போகணும்" என்றார். பசை அறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஜன்னல் இல்லை, அந்த நெடியில் பத்து நிமிடம் நின்றாலே எனக்குத் தலை இடிக்கும். வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. இந்த மேசையை விட்டு எழுந்தால் நான் யார் என்றே தெரியவில்லை.

உன் இடத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். நாள் முழுக்க விசில் அடிக்கிறார், அதனால் விசில் என்றே பெயராகிவிட்டது. மாற்றிப் போடுகிற பிளேடு வைத்து வெட்டுகிறவர், தீட்டத் தெரியாது. ஆனாலும் என் கத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தொப்பை இருந்திருக்கே. கல்லுல வெச்சு வழிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். வாயோரம் பக்கவாட்டில் லேசாக உப்பியிருக்க வேண்டும், நம் கத்திக்குத் தொப்பை வேண்டும் என்று நீயும் சொல்வாய். உன் வீட்டுக்காரரைச் சொல்கிறாயா என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். கிண்டல் செய்த நேரத்தில் கேட்டிருக்கலாம்.

பிறகு உன் இழுப்பறையைக் குடைந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர்த் துண்டு, நாலு உப்புத்தாள், மெருகேற்றுகிற பச்சை மெழுகு ஒரு கட்டி. இவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்தேன். கீழ்வீட்டம்மா சத்தம் கேட்டு மேலே வந்து, யார்மேல் இவ்வளவு கோபம் என்று கேட்டாள். உன்மேல்தான் என்று நான் சொல்லவில்லை.

உப்புத்தாளை ரப்பர்மேல் ஒட்டுவாயா, சும்மா விரிப்பாயா? எவ்வளவு அழுத்த வேண்டும்? இரண்டு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
குட்டை

*

அன்புள்ள நெட்டைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ சொல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டேன். உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், சரியா என்று பார். உப்புத்தாளை ரப்பர்மேல் சும்மா விரித்தால் போதும். கத்தியைப் படுக்க வைத்து இழுத்தால் ரப்பர் கொஞ்சம் அமுங்குகிறது, தாள் வாயைச் சுற்றி மெல்ல எழும்புகிறது. தொப்பையைப் போடுவது அந்த ரப்பர்தான், கை இல்லை. கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் தாள் கிழிகிறது. மூன்று தாள் கிழித்த பிறகுதான் புத்தி வந்தது. இழுப்பு முடியும்போது கத்தியைத் தூக்கினால் வாய் மழுங்கிவிடுகிறது, நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அழுத்தினாலும் மழுங்குகிறது. எனக்கு எல்லாவற்றையும் அழுத்துகிற புத்தி, அதை விடுவதற்குத்தான் இரண்டு வாரம் ஆனது.

கறுப்பு மார்க்கரால் வாயின் இரண்டு பக்கமும் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். மை எங்கே போகிறதோ அங்கேதான் தாள் படுகிறது. வாயின் விளிம்பில் மட்டும் போனால் முதுகை அதிகம் தூக்கியிருக்கிறேன், மேலே மட்டும் போனால் குறைவு. முழுக்கப் போகிறவரை மாற்றி மாற்றிப் பிடித்தேன். பிறகு மறுபக்கம் பிசிறு எழும்பியது. அதைக் கடையில் வாங்கிய நைஸ் உப்புத்தாளில் எடுத்துவிட்டு, பச்சை மெழுகு தடவிய வாரில் இழுத்தேன். செய்தித்தாளைத் தொங்கவிட்டுக் கத்தியை வைத்தேன், சத்தமில்லாமல் இறங்கியது. அந்த நேரம் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. கீழ்வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். கத்தியைப் பார்த்ததும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. கல்லில் தேய்த்தபோதும் தாளில் இழுத்தபோதும் பிடி இடித்ததால், பிடியை ஒட்டி ஒரு அரை அங்குலம் எதுவும் படாமல் தப்பித்துவிட்டது. அது மட்டும் இன்னும் நீ தீட்டியபடியே இருக்கிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் பூசணி விதை போல உப்பியிருக்கிறது, இடப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. கடைசி நாள் அவசரத்தில் ஒருபக்கமாக இழுத்துவிட்டாய் போலிருக்கிறது. மீதி வாயை நான் இரண்டு பக்கமும் சமமாக்கிவிட்டேன். உன்னைவிட நேராகப் போட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பெருமை ஒரு நாள்தான். வெட்டு கோட்டில் நிற்கவில்லை. அச்சை வைத்து, கோடு போட்டு, கண்ணை எடுக்காமல் வெட்டினாலும் கத்தி வலப்பக்கம் ஒதுங்குகிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் ஓரம் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. மூன்றாவது தோலும் போனது. கத்தி நன்றாகத்தான் இருக்கிறது, விசில் வாங்கி வெட்டினால் நேராக வருகிறது. என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள்.

பட்டறைப் பேருந்தில் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துவிடலாம் என்று. யாரும் கேட்பதில்லை. நேற்றுத் தேநீர்க் கடையில் வாய் தவறி இரண்டு என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

வேண்டுமானால் தொழில் விஷயம் மட்டும் எழுது.

குட்டை

*

அன்புள்ள நெட்டைக்கு,

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஊரைவிட்டுப் போவது மேற்பார்வையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவளுக்கு அவர் வாயால் தெரிய வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ பக்கத்தில் பேச வந்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றேன். கடைசி நாள் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். வேலை முடிந்ததும் நீ வந்து கதவைத் தட்டுவாய் என்று இருட்டுகிறவரை காத்திருந்தேன். நீ வரவில்லை. அந்த நேரம் நீ பட்டறையில் உட்கார்ந்து என் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். போன கடிதம் போட்ட நாலாம் நாள், நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த விசில் விசிலை நிறுத்திவிட்டார். "உங்க மணிக்கட்டு எப்பவாவது உடைஞ்சதா? கத்தி இறங்கும்போது கை வலப்பக்கமா சாயுது" என்றார். இல்லையே என்று வாய் திறந்தேன். பிறகுதான் நினைவு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பட்டறைப் படியில் வழுக்கி விழுந்தேனே. நாற்பது நாள் மாவுக்கட்டு. என் பங்குத் தோலையும் சேர்த்து நீதான் வெட்டினாய். கட்டைப் பிரித்ததும் கை சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், நானும் நம்பினேன். சரியாகவில்லை. நீ ஒருத்திதான் கவனித்திருக்கிறாய். என் கை வலப்பக்கம் தள்ளுகிற அளவுக்கு, கத்தி இடப்பக்கம் தள்ளும்படி தினமும் வலப்பக்கத் தொப்பையைக் கூட்டி வைத்திருக்கிறாய். நான் உன் அவசரம் என்று நினைத்து வழித்து எடுத்தது அதைத்தான். பட்டறையிலேயே என் வெட்டுதான் நேர் என்று எத்தனை முறை உன்னிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காமல் எப்படியடி கேட்டுக்கொண்டிருந்தாய்?

முதலில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. என்னைக் குழந்தை மாதிரி நடத்தியிருக்கிறாயே என்று. அன்று சாப்பாட்டு இடைவேளையில் கத்தியைத் தோலில் சுற்றி இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். சாயங்காலம் பேருந்தில் வரும்போது கோபம் போய் அழுகை வந்துவிட்டது. பக்கத்து இடத்தில் பைதான் இருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடி கொண்டுவர உட்கார்ந்தேன். பார்த்துச் செய்ய என்னிடம் இருந்தது அந்த அரை அங்குலம் மட்டும்தான். அதன்மேல் மெல்லிய தோலைச் சுற்றி, நூலால் கட்டிவிட்டுத்தான் தாளை எடுத்தேன். இடப்பக்கம் கெட்டியான அட்டைமேல் தாளை வைத்துத் தட்டையாக்கினேன், வலப்பக்கம் ரப்பர்மேல் இழுத்தேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை தோலை அவிழ்த்து, உன்னுடையதையும் என்னுடையதையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன், மறுபடி கட்டுவேன். எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் கழிவுத் தோலில் ஒரு கோடு வெட்டினேன். நேராக வந்தது. இன்னொன்று வெட்டினேன், அதுவும் நேராக வந்தது. விசில் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய், பழையபடி விசில் அடிக்க ஆரம்பித்தார்.

நேற்று மாசக் கடைசி. மேற்பார்வையாளர் முழுத்தோல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். எட்டுத் துண்டு வெட்டினேன். அவர் இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பிடித்து, கண்ணாடியை இறக்கி, ஓரத்தை விரலால் தடவினார். "இங்கயே இருங்கம்மா" என்றார். போகாமல் நின்று இன்னொன்றும் சொன்னார். "அவங்க போறேன்னு வந்து சொன்னப்ப, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இந்தம்மாவுக்கு மூணு மாசம் குடுங்க, தட்டுத்தடுமாறிக் கத்துக்குவா, அதுக்குள்ள இடத்தை மாத்திடாதீங்கன்னு. நான் சரின்னு சொன்ன பிறகுதான் ராஜினாமாக் கடிதத்தையே நீட்டினாங்க."

அவரிடம் நீ முதலில் போனது அதற்காக. நான் அதற்காகவா உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்?

அவர் போனதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இடப்பக்கம் திரும்பினேன். விசில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், பாராட்டினார். தேநீர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி காலையில் நானே தீட்டிக்கொள்வேன். தாள் மாசத்துக்கு ஒருமுறை போதும், மற்ற நாளெல்லாம் வார். பிடியை ஒட்டிய அரை அங்குலத்தில் மட்டும் தாளும் படாது, வாரும் படாது. அந்த இடத்தால் நான் வெட்டுவதில்லை.

திரும்பி வா என்று கேட்க மாட்டேன். உனக்கு அங்கே குடும்பம் இருக்கிறது. பதில் மட்டும் எழுது. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி எழுதினாலும் அதை இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். அதுவும் முடியாவிட்டால் வெறும் உறையில் உன் கையால் என் முகவரியை எழுதி அனுப்பு.

அங்கே உனக்கு ஜன்னலோரமாக ஒரு வெட்டு மேசை கிடைக்கட்டும். பக்கத்தில் உட்காருகிறவள் உனக்குத் தேநீர் வாங்கித் தருகிறவளாக இருக்கட்டும். நீ தீட்டும்போது ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்க்கிறவளாக இருக்கட்டும்.

என்றும் உன்,
குட்டை