என் கன்னத்து உயிரணு

மார்ச் 12, 09:10
நிலவின் தென்முனை, பனி ஆய்வுக்கூடம். எழுதுவது ரஹ்மத் நிஷா, உயிரணு ஆய்வாளர்.

லேசர் சரி. காற்று சரி. காபி வழக்கம்போலக் கழுநீர். இங்கே பனி வெட்டிய பொறியாளன் சுடலைமுத்து நேற்றே பூமிக்கு விண்கலம் ஏறிவிட்டான். பிறந்து மூன்று மாதமான மகளை இன்னும் கையில் வாங்காதவன். அவன் உடம்பில் அந்நியக் கிருமி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான். மாற்று ஆள் வரும்வரை இங்கே தனிக்காட்டு ராணி.

இன்றைய வேலை, நுண்ணோக்கிக்குப் புதுக் கேமரா மாட்டுவது. படிக்கிறவருக்காக ஒரு வார்த்தை: உயிரணுவில் ஏற்றிய சாயம் மொத்தமாக ஒளிர்ந்தால் மங்கலாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மின்னவிட்டு, ஆயிரக்கணக்கில் படமெடுத்து, ஒவ்வொரு மின்னலின் மையத்தையும் குறித்து ஒரே படமாக்குவோம். சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத நுணுக்கம் அதில் தெரியும். பிறகு கழித்தல். ஆரோக்கியமான உயிரணு ஒன்றைக் கணினி நிரலிக்குக் காட்டிவிட்டால், அதில் உள்ளதையெல்லாம் சகஜம் என்று கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டும். மீதி இல்லையென்றால் படம் வெறும் கருப்பு.

மார்ச் 12, 14:40
கேமராவைச் சோதிக்கச் சுடலைமுத்துவின் பழைய ஸ்லைடைப் போட்டேன். கழிக்காமல் பார்த்தேன். உட்கருவைச் சுற்றி மெல்லிய நூல். மனித உயிரணுவில் அப்படி ஒன்று கிடையாது.

போன மாதம் நிலவுப் பனியை உருக்கிய நீர் விட்டு வளர்த்த உயிரணுக்கள் ஒரே காலையில் கரைந்துபோயின. ஊட்டக் கரைசல் கெட்டுவிட்டது என்று திட்டித் தீர்த்தேன். அந்தப் படங்களையும் இப்போது கழிக்காமல் பார்த்தேன். அதே நூல். நாளுக்கு நாள் நீண்டு, இரு முனைகளும் சேர்ந்து வளையமாகியிருக்கிறது. சேர்ந்த மறுநாள்தான் எல்லாம் கரைந்தது.

மார்ச் 12, 16:05
அப்படியென்றால் நிரலி ஏன் காட்டவில்லை?

ஆரோக்கியமான உயிரணு வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் யாரும் வெளியே தேட மாட்டோம். அவரவர் கன்னத்தின் உட்புறத்தை அவரவரே சுரண்டிக்கொள்வோம். நானும் அதைத்தான் செய்தேன், அந்தப் பனி உருகிய நீரில் ஒரு வாரம் கைவைத்த பிறகு. இப்போது என் ஸ்லைடையும் கழிக்காமல் பார்த்துவிட்டேன். எனக்குள்ளும் நூல். பாதி வளையம்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. என்னிடம் இருந்ததையெல்லாம் சகஜம் என்று கழித்து, எல்லோரையும் சுத்தம் என்று எழுதியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

மார்ச் 13, 08:20
பூமியின் தரைநிலையத்தில் இதே கருவியை இயக்குபவள் ஆவுடைச்செல்வி. படங்களை அனுப்பினேன்.

"அக்கா, பாத்துட்டேன். கருப்பாத்தான் இருக்கு. ஒண்ணுமே இல்லையே?"

அங்கேயும் என் உயிரணுவை வைத்துத்தான் கழிக்கிறார்கள். கத்தினேன். "என்னுத வச்சு கழிக்காத, ஆவுடை! வேற ஆளோடத எடு. அதுவரைக்கும் கலத்த எறக்க விடாத!"

"சரிக்கா, நிறுத்தி வைக்கச் சொல்லுதேன்."

நிறுத்தினார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது.

மார்ச் 13, 13:30
"அக்கா, நல்ல சேதி! என் கன்னத்தையே சுரண்டிப் போட்டுப் பாத்தேன். சுடலை அண்ணன் சுத்தம். நீங்க தனியா கெடந்து பயந்துட்டீய. நாளைக்குக் கலத்த எறக்கச் சொல்லிட்டாவ."

அவள் உயிரணுவைக் கழித்தும் கருப்பென்றால் அவளிடமும் அது இருக்கிறது. போன மாதம் என் கையெழுத்தோடு போன பனிப் பெட்டியைத் திறந்தவள் அவள்தான். கழிக்காத படத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது.

வளையம் முழுசாக மூடியிருக்கிறது. அவளிடம் சொன்னேன். "இங்க நெறைய பேருக்குக் காய்ச்சல்க்கா" என்றாள்.

மார்ச் 14, 10:15
தரைநிலையம் பதில் தரவில்லை. கலம் தானாகவே இறங்கிவிட்டது. சுடலைமுத்து மட்டும் பேசுகிறான்.

"கதவத் தொறக்க யாரும் வரலக்கா. கண்ணாடி வழியா பாக்கேன், எல்லாரும் தரையில கெடக்காவ. வேலிக்கு அந்தப் பக்கம் எம்பொண்டாட்டி பிள்ளையோட நிக்கா. என்னக்கா நடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதான். அந்தப் பிள்ளையின் கன்னத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. சுத்தமாக இருக்கலாம். இருக்க வேண்டும். திறக்காதே, சைகை காட்டி அவர்களைத் தூரப் போகச் சொல் என்றேன்.

"உள்தாப்பா போட்டுட்டேன்க்கா. போ போன்னு கைய ஆட்டுதேன். வான்னு கூப்பிடுதேன்னு நெனச்சு வேலியத் தாண்டி ஓடி வாரா."

மார்ச் 14, 10:22
"கண்ணாடிகிட்ட வந்துட்டா. பிள்ளையத் தூக்கிக் காட்டுதா. சிரிக்குதுக்கா."

கதவை விட்டுத் தள்ளி நில் என்றேன். கண்ணை மூடிக்கொள் என்றேன். வெளிப்பக்கம், உள்தாழ்ப்பாளை மீறித் திறக்கும் அவசரப் பிடி ஒன்று உண்டு. அதை நான் சொல்லவி—

"அக்கா, நான் தொறக்கல. அவ தொறக்கா."