கல்மழைக்கு முன்பாதி, திரிக்குப் பின்பாதி

ஜூன் 3

அன்புள்ள திரிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போன கடிதம் முழுக்க நீ நலமாக இருப்பதைப் பற்றித்தானே எழுதியிருந்தாய்! விடுதி நன்றாக இருக்கிறது, கண்ணாடிக் கடை முதலாளி நல்லவர், பக்கத்துக் கட்டில்காரி நன்றாகச் சிரிக்கிறாள். இருக்கட்டும். நீ காலி செய்துவிட்டுப் போன இந்த அறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆள் கூப்பிட மனம் வரவில்லை, சத்தமாவது துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று தபால்காரர் கீழே நின்றுகொண்டு, “கல்மழைன்னு யாராவது இருக்கீங்களா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எதிர்வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “அது காமிக்ஸ் பேரும்மா. ரெண்டு வீராங்கனைங்க, கல்மழையும் திரியும். ஸ்கூல்ல படிக்கும்போது நாங்க ஆளுக்கொரு பேரு வெச்சுக்கிட்டோம்” என்றேன். “வயசு முப்பத்தஞ்சு ஆச்சு, இன்னும் அதேதானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் இதழ் வந்துவிட்டது. பின்னைப் பிடுங்கிவிட்டு, லேபில் மெழுகுப் பல் செதுக்கும் கத்தியால் நடுவில் அழகாக வெட்டிவிட்டேன். பின்பாதி இத்துடன் இருக்கிறது. முன்பாதி என்னிடம். ஸ்கேலால் தாறுமாறாகக் கிழித்த காலமெல்லாம் போயிற்று, இப்போது நான் பல் செட் செய்கிறவள் அல்லவா? அன்றைக்கு நம் இருவருக்கும் சேர்த்து ஒரு இதழ்தான் வாங்க முடிந்தது. இன்றைக்கு ஆளுக்கு ஒன்று வாங்கலாம்தான். ஆனால் பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகித்து எழுதி, அப்புறம் பாதியை மாற்றிக்கொள்வதில் இருக்கும் ருசி முழுப் புத்தகத்தில் வராது. நீ வேலைக்குப் போயிருக்கும் ஊர்க் கடைகளிலும் இதழ் தொங்கும். வாங்கித் தொலைத்துவிடாதே.

இனி என் அபிப்பிராயம். புது ஓவியர் தேற மாட்டார். கல்மழை கையை வீசினால் ஆலங்கட்டி கொட்ட வேண்டும். இவர் வரைந்திருப்பது அந்துருண்டை. பீரோவில் போடலாம். சாலையில் குழி பறிக்கும் வில்லன் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறான், நல்லவேளை. ஆனால் பதினாலாம் பக்கத்தில் புதிதாக ஒருத்தி நுழைகிறாள், பெயர் நுரை. கையைத் தேய்த்தால் நுரை வருமாம், அதில் குண்டு பாயாதாம். இத்தனை வருடம் இரண்டு பேராக நடந்த கதையில் மூன்றாவது ஆள் எதற்கு? அடுத்த இதழில் காணாமல் போய்விடுவாள் என்பது என் ஊகம்.

உன் ஊகத்தை எழுது. வழக்கம்போல் ஒன்றுகூடப் பொருந்தாமல் இருக்கட்டும்.

நம் அறையில் உன் கட்டிலையும் சேர்த்துப் பெருக்கும்,
கல்மழை

*

ஜூன் 12

அடி என் கல்மழையே,

பின்பாதி கிடைத்தது. படித்து முடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உன் பாதியை அனுப்பு. ஓவியர் விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் நுரையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உன்னிடம் இருக்கும் பாதியில் அவள் எப்படி வந்தாளோ தெரியாது, என் பாதியில் பிரமாதமாக இருக்கிறாள். திரி தன் நெருப்பில் தானே மாட்டிக்கொள்ளும் இடத்தில் அவள்தான் காப்பாற்றுகிறாள். கல்மழை அப்போது எங்கேயோ மலையில் இருக்கிறாள். ஏன் போனாள் என்பது உன் பாதியில் இருக்கும். என் ஊகம்: மலையில் ஐஸ் கடை வைக்கப் போயிருக்கிறாள். சிரிக்காதே, வேறெதுவும் தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டில்காரி ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் படிக்கும்போது தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, பாதி புக்கு? எலி கடிச்சிடுச்சா?” என்றாள். நம் வழக்கத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி, சிரித்தால் அழகாக இருக்கிறது. உன் தொழிலாயிற்றே என்று சொல்கிறேன்.

குழாய்க்கு ஆள் கூப்பிடு. தண்ணீர் வீணாகிறது.

உன் அன்பு,
திரி

*

ஜூலை 2

அன்புள்ள திரிக்கு,

ஜூன் முன்பாதியும் ஜூலை பின்பாதியும் இத்துடன் இருக்கின்றன.

முன்பல் இடைவெளி அழகு என்று எங்கள் லேபில் யாரும் சொன்னதில்லை. அதை அடைக்க வழி இருக்கிறது, விலாசம் வேண்டுமானால் தருகிறேன். எலி கடித்ததா என்று கேட்டாளாமே? நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாய். சிரித்தாயா?

நுரை காணாமல் போவாள் என்றேன், போகவில்லை. ஜூலை இதழின் அட்டையிலேயே திரிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கல்மழை மூலையில், தபால்தலை அளவுக்கு இருக்கிறாள். விலை போட்டிருக்கும் இடத்துக்கு அடியில்! பெயர் மட்டும் பழையபடி “கல்மழையும் திரியும்”. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரரிடம், “அட்டையில யாரு பெருசா இருக்காங்க, பாத்தீங்களா?” என்று சண்டை பிடித்தேன். “நான் விக்கிறவன், வரையுறவன் இல்லம்மா” என்றார் பாவம்.

சரி, உனக்காக நியாயமாகப் பேசுகிறேன். முன்பாதியில் கதை வேகமாக ஓடுகிறது. என்ன நடக்கிறது என்று ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டேன். ஒரு இடத்திலாவது கல்மழைக்கு நல்ல காட்சி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஊகித்துப் பார், உன்னால் முடியவே முடியாது.

ஒரு வேண்டுகோள். நான் அனுப்பும் பாதியை யாருக்கும் காட்டாதே. எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு,
கல்மழை

*

ஜூலை 14

அன்பு கல்மழைக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண் பரிசோதனை நடக்கிறது. நாள் முழுக்க, “இந்த வரி தெரியுதா, இது தெரியுதா?” என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

ஜூலை பின்பாதி அருமை, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கல்மழை தலைக்கவசத்தோடு வந்து பாலத்தை உறைய வைக்கும் இடம் எனக்குப் பிடித்தது. உன் ஆளுக்கு நியாயம் செய்துவிட்டார்கள், திருப்தியா?

முன்பாதிக்கு என் ஊகம்: பள்ளம் மேம்பாலத்தில் குழி பறிக்கும்போது கல்மழை முடி வெட்டிக்கொண்டிருப்பாள். செய்தி கேட்டதும் பாதித் தலையோடு எழுந்து ஓடிவருவாள். அழகு நிலையத்துக்காரி துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

பக்கத்துக் கட்டில்காரிக்கு நாங்கள் நுரை என்றே பெயர் வைத்துவிட்டோம். சலவை வேலை ஆயிற்றே, பொருத்தமாக இருக்கிறது. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
திரி

*

ஜூலை 22

திரிக்கு,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். கையிலிருந்த பல் அச்சு கீழே விழுந்து உடைந்துவிட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் இன்னொரு முறை வாயைத் திறந்து உட்கார வேண்டும்.

பின்பாதி முழுக்கக் கல்மழை தலைக்கவசம் போட்டிருக்கிறாள், கழற்றவே இல்லை. நீ அனுப்பியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். தலைமுடியில் ஒரு இழைகூடத் தெரியவில்லை. அப்படியிருக்க, அவள் பாதி முடி வெட்டியபடி ஓடிவந்தது உனக்கு எப்படித் தெரியும்? துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவள் எப்படித் தெரியும்? மலையில் ஐஸ் கடை என்று எழுதியவள் நீ. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஒரு முறைகூட நீ சரியாக ஊகித்ததில்லை. அந்தத் தப்புகளுக்காகத்தான் நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

முழுசாகப் படித்துவிட்டாய். யாரோடு படித்தாய் என்று நான் கேட்கத் தேவையில்லை. “நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்” என்று எழுதியிருக்கிறாயே, அந்த “நாங்கள்” யார்? நீயும் நானும்தானே நாங்கள்?

பொறாமை என்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அவளுக்கு உன்னைத் தெரிந்து மூன்று மாதம் ஆகியிருக்குமா? பெயர் வேறு கிடைத்துவிட்டது! நம் கதையிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

இனிமேல் வெட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கல்மழை

*

ஆகஸ்ட் 2

கல்மழைக்கு,

உண்மைதான், முழுசாகப் படித்துவிட்டேன். ஜூலை இதழை நுரை என் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாள். உன் பின்பாதி அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டது. முன்பாதி மட்டும் பாக்கி, அது கையில் இருக்கிறது, நான் என்ன செய்வேன்? வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து அவளும் நானும் படித்தோம். முடி வெட்டும் இடத்தில் நாங்கள் சிரித்ததைக் கேட்டு கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. ஊகம் என்று பொய் எழுதியதுதான் தப்பு. அதையும் சரியாக எழுதத் தெரியவில்லை, பார்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேள். இங்கே வந்த புதிதில் எனக்கு ஒருவரையும் தெரியாது. சாயங்காலம் அறைக்கு வந்தால் சுவர்தான். உன் பாதிப் புத்தகம் வரும், ஆசையாகப் பிரிப்பேன். கதை பாதியில் ஆரம்பிக்கும். பேச ஆள் இருக்காது. உன்னிடமிருந்து மீதி வர இன்னும் மூன்று வாரம் ஆகும். நீ பக்கத்தில் இருந்தபோது அது விளையாட்டு, அடுத்த பெஞ்சில் கை நீட்டினால் மீதி கிடைத்துவிடும். இவ்வளவு தூரத்தில் அது வெறும் பாதிதான். “மீதி எங்கங்க?” என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். கேட்டதோடு நிற்கவில்லை, போய் வாங்கியும் வந்தாள்.

உன் பிறந்தநாள் வாழ்த்து இந்த வருடம் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. ஜூலைக் கடிதம் முழுக்க அவள் பல்லைப் பற்றி இருந்தது, எனக்கு இடம் இல்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் இதழ் இங்கே கடையில் தொங்குகிறது. நுரை, “வாங்கட்டுமா?” என்றாள். “வேணாம், அவ அனுப்புவா” என்று சொல்லியிருக்கிறேன். அனுப்ப மாட்டாய் என்றால் அதையாவது எழுதிவிடு. நான் முழுசாக வாங்கிக்கொள்கிறேன்.

திரி

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள திரிக்கு,

முதலில், தாமதமான பிறந்தநாள் வாழ்த்துகள். உன் பிறந்தநாளை மறந்த ஒரே வருடம் இதுதான், அது எதனால் என்று நீ எழுதியதும் சரி. படித்துவிட்டு ஒரு பாடு அழுதேன். அப்புறம் உன் மேல் கோபப்பட்டேன், அப்புறம் குழாய்க்கு ஆள் கூப்பிட்டேன். சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். அறை இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் இதழை வந்த அன்றே வாங்கிவிட்டேன். இத்தனை நாளும் மேசையில் வெட்டாமல் கிடந்தது. முழுசாகப் படித்துப் பார்க்கலாம், அப்படி என்னதான் சந்தோஷம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று முந்தாநாள் திறந்தேன். முதல் பக்கத்தில் கல்மழை மறுபடி மலைக்குப் போய்விட்டு இறங்கிவருகிறாள். திரியும் நுரையும் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், கதவைத் தட்டவில்லை. அதற்குமேல் என்னால் தனியாகப் படிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

இன்றைக்குக் கத்தியை எடுத்தேன். இந்த முறை இரண்டு இடத்தில் வெட்டினேன்.

முன்பகுதி உனக்கு. இத்தனை வருடமும் உனக்குப் பின்பாதிதான் கொடுத்தேன். எந்தக் கதையையும் நீ ஆரம்பத்திலிருந்து படித்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நடுப்பகுதியைத் தனி உறையில் போட்டிருக்கிறேன், அது உன் நுரைக்கு. முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. அவள் கொஞ்சம் தவிக்கட்டும், புதிதாக வந்தவள்தானே. இதில்கூட எனக்கு நல்ல எண்ணம் இல்லை என்பதை ஒளிக்கவில்லை. அவள் சரியாக ஊகித்தால் எனக்கு இன்னும் எரியும். பல் இடைவெளியை அடைக்க வேண்டாம் என்று சொல். ஜூலை தொடக்கத்தில் நான் தருகிறேன் என்று எழுதிய விலாசத்தை அவள் கேட்டால், அப்படி ஒன்று என்னிடம் இல்லை, சும்மா எழுதினேன்.

அட்டையைப் பற்றி என் அபிப்பிராயம்: ஓவியர் தேறிவருகிறார். ஆலங்கட்டி இந்த முறை ஆலங்கட்டியாகவே இருக்கிறது. மூன்று பேரும் ஒரே அளவில் நிற்கிறார்கள். கல்மழையின் மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

உங்கள் ஊர்க் கடையில் முழுப் புத்தகம் தொங்குகிறது, தெரியும். வாங்கிப் படித்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும், அதுவும் உனக்குத் தெரியும். ஆகவே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காருங்கள், ஆளுக்கொரு ஊகம் எழுதி அனுப்புங்கள். இரண்டுமே தப்பாக இருக்க வேண்டும்.

முடிவு என்னிடம் இருக்கிறது. இன்னும் படிக்கவில்லை. நீங்கள் எழுதும்வரை படிக்க மாட்டேன்.

வாசலில் நிற்கும்,
கல்மழை