முத்திரையிடாத ஒன்பதாம் பொதி

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
12.02.2006

அன்பின் கமலேஸ்வரி,

1. எழுதுபவர் சட்டத்தரணி சோமசேகரம். உமது கணவர், நீர் கண்டி ஆய்வுகூடத்துக்குப் போய் இரண்டு வருடமாகியும் அவ்வாறே.

2. குறிஞ்சாக்கேணி முனாப் எனது கட்சிக்காரர். அவருடைய வயலை இரவில் யானை அழித்துவிட்டது. காட்டோரம் தனியே திரியும் அலியனை, அதாவது கொம்பில்லாத ஆண் யானையை, பிடித்து அகற்றக் கோரி மனு எழுதச் சொல்கிறார். “அந்த அலியன்தான் ஐயா, வேற ஆர்?” கண்ட சாட்சி எவருமில்லை.

3. யானையைத் தொடாமலே, இலத்தியில் ஒட்டிய குடற்கலங்களைக் கொண்டு அது ஆணா பெண்ணா என்று அறியலாம் என்றீர். நம்ப விரும்புகிறேன். வயலில் எடுத்த இலத்தி, ஒன்பது பொதிகளாக இத்துடன். எட்டைப் பொலித்தீனில் அடைத்து அரக்கு முத்திரையிட்டேன். அரக்கு தீர்ந்தபடியால் ஒன்பதாவது கடதாசியில் மட்டும் உள்ளது, மன்னிக்கவும்.

உமது,
சோமசேகரம்

கண்டி
03.03.2006

அன்பின் அத்தான்,

என்ன வேலை பார்த்தனீங்கள்! முத்திரையிட்ட எட்டும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறிவிட்டன. “உங்கட அவர் கோர்ட்டையே பொதி செய்து அனுப்பியிருக்கிறார்” என்று ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் ரபீக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் ஒன்பதாவது! கடதாசிக்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. மும்முறை பார்த்தேன்: பெண் யானை, அத்தான்! பாவம், அலியன்.

எத்தனை யானைகள் வருகின்றன என்றறியப் புதிய இலத்தி வேண்டும். மேற்புறத்தைச் சுரண்டி மதுசாரத்தில், அதுதான் ஸ்பிரிட்டில், இடுங்கள். தீப்பற்றும் என்று அதைத் தபாலில் ஏற்க மாட்டார்கள். ஆரேனும் கொண்டுவர வேண்டும். நீங்கள் வரமாட்டீர்கள். சோதனைச் சாவடி என்பீர்கள்.

கமலேஸ்

திருகோணமலை
14.03.2006

சத்தியக்கடதாசி
(மூலம் சோதனைச் சாவடிகளுக்கு, பிரதி என் மனைவிக்கு)

1. நான், சட்டத்தரணி சோமசேகரம், உண்மையாகக் கூறுவதாவது:

2. என் பையிலுள்ள போத்தல்களில் இருப்பது யானை இலத்தியும் மதுசாரமும் மட்டுமே. வெடிக்காது. திறப்பவர் மூக்குக்கு நான் பொறுப்பல்ல.

3. அலியனுக்கு எதிரான மனு கைவிடப்பட்டது. முனாப் கூறியது: “பொம்பிளை யானையெண்டா குட்டியும் வந்திருக்கும். தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கேப்பனா? வேலி கேட்டு எழுதுங்க ஐயா.”

4. சுரண்டுவதற்கு அவர் மனைவி பரீதா குசினிக் கரண்டியைத் தந்தார். திருப்பி வேண்டாமாம்.

5. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். பயணத்தின் நோக்கம் என் மனைவியைக் காண்பது, இலத்தி துணைக்காரணம். இந்தப் பந்தியைச் சாவடிப் பிரதியிலிருந்து நீக்கும்படி முனாப் சொன்னார். நீக்கவில்லை.

(ஒப்பம்) சோமசேகரம்

சாட்சிகள்:
முனாப்
பரீதா