பட்டியலில் வெண்டல் பெயர்

நார்த் டகோட்டா
14 மார்ச் 2011

அன்புள்ள வெண்டலுக்கு,

கையெழுத்து அடையாளம் தெரிகிறதா? தெரியாவிட்டாலும் குற்றமில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. நான் ஆர்விட் சோல்ஹைம். பூமிக்கு அறுபதடி கீழே இரண்டு வருஷம் உன்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவன்.

உன் முகவரியை என் மகள்தான் கணினியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆர்கன்சாவில் ஏதோ பள்ளியில் நீ ஓய்வு பெற்றபோது எடுத்த படமும் அதில் இருந்தது. முடி முழுக்கப் போய்விட்டதே உனக்கு! காதுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

என் மார்லிஸ், போன ஜனவரிக்கு முந்திய ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். மகள் ஓரிகனில் இருக்கிறாள். ராணுவத்தை விட்ட பிறகு நான் இந்த ஊரிலேயே விதைக் கடை ஒன்றில் வேலை பார்த்து, இங்கேயே தங்கிவிட்டேன். பனி இன்னும் ஜன்னல் விளிம்பு வரை நிற்கிறது. பேச்சுத்துணைக்கு ரேடியோ.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏவுகணைப் படைச் சங்கத்தின் கூட்டம் செப்டம்பர் மத்தியில் இங்கே நடக்கிறது. வேறு யாரும் கை தூக்காததால் நான்தான் செயலாளர். இரண்டாம் நாள் தளத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நாம் காவல் இருந்த ஏவுகுழிகளை மூடிவிட்டார்கள், மேலே கோதுமை விளைகிறது. ஆனால் தளத்துக்குள் பயிற்சி அறை ஒன்று அப்படியே இருக்கிறது. அதே நாற்காலிகள், அதே இரண்டு சாவிகள். ஜூன் முதல் தேதிக்குள் பெயர்ப் பட்டியலை வாயில் காவலுக்குக் கொடுக்க வேண்டும். உன் பெயரைச் சேர்க்கட்டுமா?

ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட நீ எனக்குப் போட்டதில்லை. நானும் போடவில்லை என்பது வேறு விஷயம்.

ஓப்பலுக்கு என் அன்பு.

ஆர்விட்


ஆர்கன்சா
2 ஏப்ரல் 2011

ஆர்விட்,

கடிதம் வந்தது. மார்லிஸ் போன செய்தி எங்கள் இருவரையும் வருத்தியது. ஓப்பல் அன்று மாலை சமைக்கவில்லை.

சங்கத்தில் நான் உறுப்பினன் இல்லை. அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். மறந்துவிட்டாயா? அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முக்கோணம் வரையக் கற்றுக் கொடுத்தேன். நல்ல வேலை. யாரும் சாகவில்லை.

ஒன்று கேட்கிறேன். செயலாளர் என்ற கடமைக்காக எழுதினாயா, அல்லது சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை எழுது. பனியைப் பற்றி எனக்குத் தெரியும்.

வெண்டல் ப்ரூயிட்


நார்த் டகோட்டா
11 ஏப்ரல் 2011

அன்புள்ள வெண்டல்,

சொல்ல இருக்கிறது. ஆறு தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

1973 பிப்ரவரி. நம் காவல் நேரத்தில் ஏவுகணையை ஏவச் சொல்லும் செய்தி ஒன்று வந்தது. நான் எழுத்து எழுத்தாகப் படிக்க, நீ சரிபார்த்தாய். பயிற்சிதான் என்று தெரிய நாலு நிமிஷம் பிடித்தது. அந்த நாலு நிமிஷமும் உன் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. பிறகு மேலிருந்து சாப்பாடு வந்தது. மாட்டிறைச்சிக் குழம்பு. நீ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய்:

“ஆர்விட், நெசமாவே வந்திருந்தா என் சாவிய நான் திருப்பியிருப்பேனான்னு எனக்குத் தெரியலடா.”

“சாப்பிடு, ஆறிடும்” என்றேன்.

“இல்லடா, சும்மா சொல்லல. கை வராதுன்னு தோணுது.”

“பேசாம சாப்பிடு வெண்டல்.”

அவ்வளவுதான் நாம் பேசியது. இரண்டு சாவியும் ஒரே நொடியில் திரும்பினால்தான் வேலை நடக்கும். ஒருவன் தயங்கினால் மற்றவன் அதை மேலே சொல்லியே ஆக வேண்டும். விதி அப்படி. நாலு நாள் தூங்காமல் கிடந்தேன். ஐந்தாம் நாள் கமாண்டரின் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். திங்கட்கிழமை காவல் முறைப் பலகையில் உன் பெயரை அழித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. “மொதல்ல அவருகிட்ட சொன்னீங்களா?” இல்லை என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு சாகும் வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

விதிப்படி நடந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆளில்லாதபோது அது பொய் மாதிரி ஒலிக்கிறது.

மன்னிப்பு கேட்கிறேன், வெண்டல்.

ஆர்விட்


ஆர்கன்சா
6 மே 2011

அன்புள்ள ஆர்விட்,

அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். நான் சொன்னதை வார்த்தை மாறாமல் கமாண்டர் எனக்கே வாசித்துக் காட்டினார். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க நான் துப்பறிவாளனாக இருக்க வேண்டுமா? நீ சொன்னதற்காக நான் உன்னை வெறுக்கவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாம் நாளே போயிருப்பேனோ என்னவோ.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. நாங்கள் குடியிருப்பைக் காலி செய்த காலையில் சாமான் வண்டி உன் வீட்டுக்கு எதிரிலேயே பனியில் புதைந்துவிட்டது. ஓப்பலுக்கு ஏழு மாசம். நான் வெறுங்கையால் பனியை வாரிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. கதவு திறந்து மார்லிஸ்தான் வந்தாள், வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் மண்வாரி, ஒரு கையில் காப்பிக் குடுவை. “அவரு ஏதோ வேலையா இருக்காரு” என்று சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அள்ளினோம். திரை மட்டும் இரண்டு தடவை அசைந்தது.

அதைத்தான் நீ எழுதவில்லை.

ஓப்பல் உன் கடிதங்களை எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிடுகிறாள். மார்லிஸ் கல்லறையில் பூ வைக்க வேண்டுமாம். பட்டியலில் என் பெயரைப் போட்டு வை. பிறந்த தேதி உனக்குத் தெரியும், அது மாறவில்லை. வருவேன் என்று சத்தியம் செய்யவில்லை.

வெண்டல்


நார்த் டகோட்டா
19 செப்டம்பர் 2011

அன்புள்ள வெண்டல்,

நீ வரவில்லை.

ஓப்பலுக்குப் பிடிக்குமே என்று ஜன்னலோரப் படுக்கைக்குப் புதுப் போர்வை வாங்கிப் போட்டிருந்தேன். விமான நிலையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். தளத்து வாயிலில் காவலர் பட்டியலை வாசித்தார். “ப்ரூயிட், வெண்டல்.” பதில் இல்லை. மறுபடி வாசித்தார். “வந்துட்டிருக்காரு” என்று சொல்லிவிட்டேன். எனக்காக நாற்பது கிழவர்கள் பேருந்தில் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள்.

உள்ளே ஒரு லெப்டினன்ட் பெண் சுற்றிக் காட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும், என் மகளைவிடச் சின்னவள். பயிற்சி அறையில் இரண்டு பேர் இரண்டு பேராக உட்கார வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வேடிக்கைக்குத்தான். அந்தச் சாவிக்குப் பின்னால் ஒரு கம்பிகூட இல்லை. உன் நாற்காலியில் அயோவா மாநிலத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்தார்.

“மூணு, ரெண்டு, ஒண்ணு, திருப்புங்க!” என்றாள்.

அவர் திருப்பினார். நான் திருப்பவில்லை. என் விரல்கள் சாவியின் மேல் இருந்தன, வெண்டல். கை வரவில்லை.

“சார், இன்னொரு வாட்டி பண்ணலாமா?”

மறுபடி எண்ணினாள். மறுபடியும் வரவில்லை. “ஆர்விட்டுக்கு மூட்டுவலி! தைலம் தேச்சு விடுங்கப்பா!” என்று பின்னால் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூட்டுவலி இல்லை என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன். குழம்பு, நாலு நாள், கமாண்டர் அறைக் கதவு, பனியில் புதைந்த வண்டி, திரைக்குப் பின்னால் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கையில் படக்கருவியோடு அப்படியே நின்றாள்.

இரவு விருந்தில் என் மேஜையில் எட்டு நாற்காலி, உட்கார்ந்தது மூன்று பேர். வயதான கர்னல் ஒருவர் போகிற போக்கில் தோளைத் தட்டி, “நீ செஞ்சது சரிதான்பா, விதின்னு ஒண்ணு இருக்கில்ல” என்றார். அதற்குப் பதில் அவரும் சும்மா போயிருக்கலாம்.

இருபத்தாறு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு அறுபத்தேழில்தான் தெரிந்தது. நீ என்னைவிட நல்ல மனிதன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நவம்பரில் நான் அங்கே வரட்டுமா? இரண்டு நாள் போதும்.

ஆர்விட்


ஆர்கன்சா
10 அக்டோபர் 2011

ஆர்விட்,

இதை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு. ஓப்பல் பார்க்கக் கூடாது.

செப்டம்பரில் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. ஓப்பல் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் முதுகு பிடித்துக்கொண்டது என்று பொய் சொன்னேன். அந்த மனிதர்களுக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று பயம்.

அன்று கமாண்டர் அறையில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. அழுதேன். “சார், அது வெறும் விளையாட்டுப் பேச்சு. ஆர்விட் தப்பா கேட்டிருக்கான். பதவி உயர்வுல அவனுக்கு எம்மேல பொறாமை சார்” என்றேன். அவர் நம்பவில்லை. “இப்பவே சாவியக் குடுங்க சார், திருப்பிக் காட்டறேன்!” என்று கத்தினேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

வீட்டுக்குப் போய் ஓப்பலிடம், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, அதைக் கமாண்டரிடமே சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்றேன். அவள் பிள்ளைகளிடம் சொன்னாள். போன வருஷம் பேரன் அதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினான். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

நீ திரைக்குப் பின்னால் நின்றாய் என்று குத்திக் காட்டினேனே, அன்று நீ வெளியே வந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. நீ வராதது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? முப்பத்தெட்டு வருஷம் உன் மேல் கோபமாக இருக்க அது ஒன்று போதுமானதாக இருந்தது.

என்னை நல்லவன் என்று எழுதாதே. அதை மட்டும் தாங்க முடியவில்லை. நவம்பரில் வராதே. என் மேஜையில் நீ உட்கார்ந்தால் ஓப்பல் ஒவ்வொன்றாகக் கேட்பாள். நீயோ உண்மையைச் சொல்லிவிடுகிற ஆள்.

வெண்டல்


நார்த் டகோட்டா
20 அக்டோபர் 2011

அன்புள்ள வெண்டலுக்கும், இதை முதலில் பிரிக்கப் போகிற ஓப்பலுக்கும்,

கடிதம் கிடைத்தது. வெண்டல் கேட்ட காரியத்தை அன்றைக்கே முடித்துவிட்டேன். விறகடுப்பை இந்தக் குளிருக்கு முதல் தடவையாகப் பற்ற வைத்தேன். வீடு கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

நவம்பரில் அங்கே வர எனக்கு ஆசைதான். ஆனால் மருத்துவர் நீண்ட பயணம் வேண்டாம் என்கிறார். ஆகவே மன்னிக்க வேண்டும். மார்லிஸ் கல்லறையில் உங்கள் பெயரைச் சொல்லிப் பூ வைத்தேன், ஓப்பல். செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி அடிக்கடி எழுத என்னிடம் விஷயம் இருக்காது. பதில் போட வேண்டும் என்று சிரமப்பட வேண்டாம்.

வெண்டல் முன்பொரு தடவை எழுதியதில் பேரன் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய செய்தி இருந்தது. அந்தப் பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். அன்று அந்த அறையில் அவன் தாத்தாவைத் தவிர இன்னொரு ஆளும் இருந்தான். தன்னால் சாவியைத் திருப்ப முடியாது என்று தாத்தா சொன்னதை அவன் கேட்டான். சரியாகத்தான் கேட்டான்.

ஆர்விட்