தேயிலை இலையில் மாப்பொருள்

திங்கள்.
விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை, பாடசாலை பூட்டு. 10ஆம் தரத்துக்கு ஆன்லைனில் விஞ்ஞானம், எங்கள் சமையலறையிலிருந்து. சிக்னல் அங்கேதான்.

வெட்கம் கெட்ட காரியம் ஒன்று செய்தேன். எழுதிவிட்டால் பாதியாவது தொலையும்.

இலையில் மாப்பொருள் (ஸ்டார்ச்) இருப்பதைக் காட்டும் பரிசோதனை. இலையை மதுசாரத்தில், அதாவது அல்கஹோலில், சூடாக்கிப் பச்சையை எடுக்க வேண்டும். பிறகு அயடீன். கருநீலம் வரும். பாடசாலையிலிருந்து கொண்டுவந்த மதுசாரப் போத்தலைத் திறந்தால் வெறும் வாசம். (ஆவியாகிவிட்டதாம். பாடசாலைக் காவல்காரர் சொல்கிறார். அவர் கண் சிவந்திருந்தது சளித் தடிமனாலாம்.)

பச்சைத் தேயிலை இலையைச் சுடுநீரில் மட்டும் போட்டுக் காட்டினேன். "சிக்னல் போவுது புள்ளைங்களா" என்று கமராவை அணைத்தேன். ஓர் உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, இலை வடிவில் வெட்டி, நடுநரம்புகூடக் கீறினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி புவனா: "ஏங்க, கறிக்கு வச்ச கெழங்க ஏன் எலை மாதிரி வெட்டுறீங்க?"

"பேசாம இரும்மா. மானம் போவுது."

மீண்டும் கமரா. அயடீன் இரண்டு சொட்டு. என்ன கருநீலம்! பிள்ளைகள் கைதட்டல் குறிகளாக அனுப்பித் தள்ளினார்கள். சிரிப்பு முகங்களும் ஏராளம். மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். கர்வத்தில் அந்த 'இலை'யைப் படம் எடுத்து ஆசிரியர் குழுவிலும் போட்டேன்.

செவ்வாய்.
மழை. அதிபர் அந்தப் படத்தை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். ஆசிரிய ஆலோசகர் போனில்: "தேயிலையிலேயே செஞ்சிருக்கீங்களே சேர்! வெள்ளிக்கெழம வாறேன். நேர்ல செஞ்சு காட்டுங்க, வீடியோ எடுத்து எல்லா ஸ்கூலுக்கும் அனுப்புவோம்."

ரொட்டியை வைத்துவிட்டுப் பட்டியல் எழுதினேன்.

தேவை: மதுசாரம் (ஹட்டனில் இரண்டு பார்மசி, இரண்டிலும் இல்லை). காய்ச்சல், முடிந்தால் வெள்ளிக்குள்.

புதன்.
பாடசாலை திறந்தாயிற்று. நான் ஆன்லைனில் காட்டியபடியே பிள்ளைகள் செய்தார்கள். தேயிலை, சுடுநீர், அயடீன். எல்லாத் தட்டிலும் பழுப்பு.

பின் வாங்கிலிருந்து: "தோட்டத்து ஆளுங்க மாதிரி எலையும் ஸ்ட்ரைக்கு சேர்!"

ஆனாலும் எல்லாரும் 'கருநீலம்' என்றே எழுதித் தந்தார்கள். ரேணுகா மட்டும்: 'பழுப்பு. கருநீலம் தோன்றவில்லை.' சிவப்புப் பேனை பழக்கதோஷத்தில் பிழை போட்டது. 10க்கு 3.

"பாத்தததான் எழுதினேன் சேர்."

"புத்தகத்துல என்னம்மா இருக்கு?"

"புத்தகத்துல கருநீலம். தட்டுல பழுப்பு."

நல்ல வேளை, மணி அடித்தது. இந்தப் புள்ளி தவணை அறிக்கைக்குப் போகும். ஹட்டனுக்குப் போய் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற, என் வகுப்பின் ஒரே பிள்ளை.

வியாழன்.
மூடுபனி. நெற்றியை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஒளிய இடமும் இல்லை: முன்னால் மலை, பின்னால் மலை, நடுவில் ஆலோசகர் வரப்போகும் பஸ். காட்டினால் பொய். காட்டாவிட்டால் ஊர்ச் சிரிப்பு. கொட்டகலைக் கடைவீதியில் எனக்கு வைக்கப்போகும் பட்டப்பெயர்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. எல்லாம் கிழங்கு.

புவனாவிடம் ஒரு கிழங்கை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் வைத்தாள். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

வெள்ளி.
வெயில், அதிசயமாக. ஆலோசகர் போனை நீட்டியபடி நின்றார். என் சட்டைப்பையில் ஈரத்துணியில் சுற்றிய சீவல். முன் வாங்கில் ரேணுகா, கொப்பியைத் திறந்து, பேனையோடு. பார்ப்பதை எழுதக் காத்திருக்கிறாள்.

கை பைக்குள் போனது. வெறுங்கையாகத் திரும்பியது.

"திங்கக்கெழம நான் காட்டினது எலையில்ல. உருளைக்கெழங்கு. ரேணுகா எழுதினதுதான் சரி."

அவளுடைய 3ஐ வெட்டி 10 போட்டேன். ஆலோசகர் போனை மெதுவாக இறக்கினார். "மதுசாரம் அனுப்பி வைக்கிறேன் சேர்" என்றார், ஜன்னலைப் பார்த்து.

வகுப்பு அதிரும் என்று நின்றேன். ஒருவரும் அசையவில்லை.

"என்னங்கடா, ஆச்சரியமா இல்லியா?"

ரேணுகா எழுந்தாள். "அன்னிக்கு கமராதான் சேர் ஓஃப். மைக் ஓன்லதான் இருந்துச்சு."