துருத் தண்ணீர்

"அந்தக் காரு மலையேறாது. போன மாசம் மாதிரியே பாதியில கொதிச்சு நின்னுரும்," என்றார் பூபதிராஜா. மனைவி செல்வப்பிரியாவுக்கு மலைமேல் சூரியநெல்லித் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியலில் அவர் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும், எஞ்சின் நன்றாக ஆறியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர். அதை வடித்து, அலசி, வாங்கி வைத்திருந்த கூலண்ட் திரவத்தை ஊற்றினாள். எஞ்சினை ஓடவிட்டாள். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை; எங்கும் ஒழுகவுமில்லை. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கொதிச்சது காரோட குத்தமில்லீங்க. நீங்க வெறும் போர்த் தண்ணியவே ஊத்தி உள்ள துருப்புடிச்சுப் போச்சு. நானே மாத்திட்டனுங்க. இனி கார் மலையேறும். நானும் போறனுங்க. கொள்ளுப் பருப்பு அடுப்பு மேல இருக்குது. பீரோ சாவி தலகாணிக்கடியில."

பேனாவை மூடியவள் மறுபடி திறந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வாங்க. கோவம் தீந்தா போன் பண்ணுங்க. தீராட்டியும் பண்ணுங்க."