மாரி கட்டாத கம்பி

பாளையங்கோட்டை,
10.2.2025

அன்புத் தங்கை வள்ளித்தாய்க்கு,

அண்ணன் எழுதுகிறேன். வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளையும் குழந்தை அபியும் சுகமா? ஜெயிலில் எழுதுவதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். புரிந்துகொள்.

நம் வடகரைத் தோப்பில் யானை செத்துக் கிடந்ததற்கு என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு நீ அங்கேதான் இருந்தாய். வேலியில் கரண்ட் கம்பி கட்டியது தோப்பு வேலைக்காரன் மாரிதான் என்பதைப் பார்த்தாய். மறந்திருக்க மாட்டாய். அதை வனத்துறையில் சொன்னாலே போதும் என்கிறார் வக்கீல்.

மூன்று வருஷத்துக்கு முன் நீ காட்டில் வழி தப்பியபோது, "புள்ள போயிட்டு, இனி ஆக வேண்டியதப் பாருங்க" என்று ஊரே சொன்னது. நான் ஐந்து நாளும் மலையை விட்டு இறங்கவில்லை. சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை.

உன் அண்ணன்,
சிவனணைந்தபெருமாள்

வாசுதேவநல்லூர்,
19.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் என்ன பார்த்தேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

செத்துக் கிடந்தது இடது காது கிழிந்த தாய் யானை. நான் வழி தப்பியபோது, காய்ந்த ஓடையில் காலால் மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைக் குட்டிக்குக் காட்டியவள். பத்தடி தள்ளி நான் விழுந்து கிடந்தேன். ஒரு மிதி போதும். என்னைப் பார்த்துவிட்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு விலகிப் போனாள். அந்தக் குழித் தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றியது. சாஸ்தாவே வந்ததாக அம்மா சொன்னாள். எனக்கு அவள் யானையாக இருந்ததே போதும். உயிரோடு இறங்கினால் இனிப் பொய் பேச மாட்டேன் என்று சாஸ்தாவிடம் சத்தியம் செய்தேன்.

ஆனால் என்னைத் தோளில் சுமந்து இறக்கியது நீங்கள். நாளை வனத்துறை அலுவலகத்துக்குப் போகிறேன்.

தங்கை,
வள்ளித்தாய்

வாசுதேவநல்லூர்,
4.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஜாமீனில் வந்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் மாரி இருக்கிறான். உங்கள் போனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அவன் பெண்டாட்டி முத்துவடிவு கைப்பிள்ளையோடு வந்தாள். "அக்கா, ஒங்க வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். எங்க வீட்டுக்காரவ கம்பி கட்டுனத நீங்க கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன்.

"அப்பம் எங்கிட்டதான் பொய் சொல்லிருக்காவ. பிள்ள தலையில அடிச்சுல்லா சத்தியம் பண்ணுனாவ" என்று எழுந்துவிட்டாள். இனி அவனைப் பார்க்கப் போக மாட்டாளாம்.

மோட்டார் ரூமிலிருந்து கம்பியை இழுத்து வந்து கட்டியது நீங்கள். காப்பி டம்ளரோடு நின்று பார்த்தது நான். அண்ணா, நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

வள்ளித்தாய்

வடகரை,
22.6.2025

அன்புத் தங்கைக்கு,

போனை எடுக்காததால் எழுதுகிறேன். குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, மங்குஸ்தான் பழமும் வந்துவிட்டது. மாப்பிள்ளையையும் அபியையும் கூட்டிக்கொண்டு வா. அருவியில் நின்றால் மனதில் உள்ளதெல்லாம் போய்விடும்.

மாரிக்கு உள்ளே வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறது. முத்துவடிவு கீழப்பாவூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கு நாம் என்ன செய்ய?

அந்தக் குட்டி தினமும் சாயங்காலம் வந்து, தாய் விழுந்த இடத்தில் நிற்கிறது. தென்னங்கன்றுகளை மிதித்து நாசமாக்குகிறது. திரும்பக் கம்பி கட்டியாயிற்று. இந்தத் தடவை நான் தொடவில்லை, வேறு ஆளை வைத்துக் கட்டினேன். நீ பயப்படாதே.

அண்ணன்

வாசுதேவநல்லூர்,
1.7.2025

அண்ணனுக்கு,

மறுபடி பாளையங்கோட்டை முகவரிக்கு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வனத்துறையில் கொடுத்தது நான்தான். முதலில் எழுதித் தந்தது பொய் என்றும் கையெழுத்துப் போட்டேன். என் மேலும் வழக்கு வரும் என்றார்கள்.

அன்றைக்கே வடகரைக்குப் புறப்பட்டார்கள். நானும் போனேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் குட்டி வந்துவிட்டிருந்தது. தும்பிக்கை கம்பியிலேயே கிடந்தது.

மறுநாள் கீழப்பாவூருக்குப் போய் முத்துவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கும் இதே மூஞ்சியோடதான சொன்னிய? இப்பம் சொல்லுதத நான் எப்பிடிக்கா நம்ப?"

வள்ளித்தாய்